மண், ஒட்டு வரைக்கும்

எங்கள் பழமர ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குப் பெயர் அங்குலம். அளந்ததெல்லாம் மில்லிமீட்டரில்தான்; பெயர் மட்டும் அங்குலம். வைத்தவர் டிராக்டர் டிரைவர். அவருக்கு எல்லா அளவும் ஒன்று. வண்டியை நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தியதாகச் சரித்திரமே கிடையாது. அங்குலத்துக்கு அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. மாதாமாதம் அதை டைப் அடித்த எனக்கே, அடித்து முடித்ததும் ‘யார் இந்த ஆள்?’ என்று தோன்றும்.

நான் அந்த நிலையத்தின் டைப்பிஸ்ட். முதலில் மெஷின், பிறகு கம்ப்யூட்டர், நாற்காலி மட்டும் அதேதான். இருபத்தாறு வருஷம் மற்றவர்கள் எழுதியதை அடித்துக் கொடுத்தவள், முதல் தடவையாக நானே எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இப்போதே சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். அதனால் முதலில் அவரைப் பாருங்கள்.

ஒல்லியான ஆள். காதில் செருகிய பென்சில், பிளாஸ்டிக் அட்டை போட்ட நோட்டு, கழுத்தில் துணி டேப். பேரிக்காய்த் தோட்டத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் முழங்கால் உயரத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு வளையம் போட்டிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை அந்த வளையத்தின் மேல் டேப்பைச் சுற்றி அடிமரத்தின் பருமனை எடுக்க வேண்டும். அவர் ஒரு தடவை சுற்றிப் பார்ப்பார், எடுத்துவிடுவார், மறுபடி சுற்றுவார். இரண்டும் ஒத்துவந்தால்தான் எழுதுவார். ஒத்துவரவில்லை என்றால் மரத்தை முறைப்பார், ஏதோ அதுதான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏமாற்றியது போல.

சோதனையில் இருந்த மரங்கள் நூற்றிருபது. சுற்றிலும் காவல் வரிசை என்று இன்னும் நாற்பது மரங்கள். அவை கணக்கில் சேராது. வெயிலும் காற்றும் ஓரத்து மரங்களைத் தனியாகத் தாக்குமே, அந்த அடியை வாங்கிக்கொள்ள நட்டவை, உப்புக்குச் சப்பாணிகள். அங்குலம் அவற்றையும் அளந்தார். கேட்டால், “அதுவும்தானே வளருது, பாவம்” என்பார். அந்த நாற்பது எண்களையும் நான் டைப் அடித்ததில்லை. நோட்டின் கடைசிப் பக்கங்களில் பதினோரு வருஷமாக அவை சும்மாவே வளர்ந்துகொண்டிருந்தன.

அவர் மனைவி தையல்காரி. அண்ணி என்றுதான் நான் கூப்பிடுவேன். என் துணியெல்லாம் அங்கேதான் தைக்கக் கொடுப்பேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டே அறை. முன்னறை முழுக்கத் தையல் மெஷினும் வெட்டுத்துணியும், பின்னறையில் மீதி வாழ்க்கை. புருஷன் கழுத்திலும் டேப், பெண்டாட்டி கழுத்திலும் டேப். அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“நான் அளந்தா சட்டை வருது. நீங்க அளந்தா என்ன வருது?” என்று கேட்பார்கள்.

“ரிசல்ட்டு வரும்” என்பார் அவர்.

“எப்ப?”

“பதினோராவது வருஷம்.”

“அதுக்குள்ள போட்டுக்க வேண்டியவன் பெரியவனாயிடுவான்” என்று அண்ணி நூலைக் கடித்துத் துப்புவார்கள்.

ஆனால் அந்த ரிசல்ட்டு அவருக்கு உயிர். அவர் வேலைக்குச் சேர்ந்த பிறகு மூன்று சோதனைகள் நடந்தன. ஒன்று கட்டடம் கட்ட இடம் வேண்டும் என்று பிடுங்கப்பட்டது. இன்னொன்று டைரக்டர் மாறியதும் மறக்கப்பட்டது. மூன்றாவதன் நோட்டுகள் பழைய பேப்பரோடு போய்விட்டன. அவர் அளந்த ஒரு எண்ணைக்கூட எவரும் எதற்கும் பயன்படுத்தியதில்லை. நான்காவது இந்தப் பேரிச் சோதனை. இது முடிகிற வருஷம் அவர் ஓய்வு பெறுகிற வருஷம். என் ஒரு எண்ணாவது ஒரு விவசாயியின் நிலத்தில் போய் நிற்க வேண்டும் என்று என்னிடம் பலதடவை சொல்லியிருக்கிறார்.

சோதனை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பேரி விதையைப் போட்டால் பேரிமரம் வரும், ஆனால் அம்மா மாதிரி காய்க்காது. அதனால் நல்ல பழம் தரும் மரத்தின் குச்சியை வெட்டி, வேரோடு இருக்கும் வேறொரு செடியின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். கீழே இருப்பது வேர்ச்செடி. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு வீக்கம் வரும். அதற்குத்தான் ஒட்டு என்று பெயர். மரம் குட்டையாக நிற்குமா நெட்டையாகப் போகுமா, சீக்கிரம் காய்க்குமா, காற்றைத் தாங்குமா எல்லாம் கீழே இருப்பவர் கையில். பழத்துக்குப் பேர் வாங்குவது மேலே இருப்பவர். அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இது புதிய விஷயம் இல்லை.

எங்கள் சோதனையில் மேலே ஒரே ரகம். கீழே ஆறு வகை வேர்ச்செடி, வகைக்கு இருபது மரம். ஒன்று முதல் ஆறு வரை நம்பர் போட்டு, ஒரு வகைக்கே நல்ல மண் வாய்த்துவிடக் கூடாது என்று கலந்து கலந்து நட்டிருந்தார்கள். எந்த நம்பர் இந்த மலைக்குச் சரிப்படும் என்று பதினோரு வருஷம் பார்த்துச் சொல்ல வேண்டும். இதில் நாலாம் நம்பர் பேரியே இல்லை. பேரிக்குத் தூரத்துச் சொந்தமான வேறொரு பழச்செடி. மரத்தைக் குட்டையாக வைக்கும், ஏணி இல்லாமல் பறிக்கலாம், சீக்கிரம் காய்க்கும். குறை என்னவென்றால் வேர் ஆழம் போகாது. காற்றடித்தால் ஆடும்.

ஆடத்தான் செய்தது. நட்ட இரண்டாம் வருஷம் பெருங்காற்று வந்தது. மற்ற ஐந்தும் கல்லுப் பிள்ளையாராக நின்றன; நாலாம் நம்பர் இருபதும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. டைரக்டர் ஓர் உத்தரவு எழுதினார், நான் டைப் அடித்தேன், அவர் கையெழுத்துப் போட்டார், தோட்டக் கொட்டகைக்குப் போயிற்று. நாலாம் நம்பர் மரங்களுக்கு மண் அணைக்க வேண்டும் என்று உத்தரவு. அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்துக் கட்டுவதற்குத்தான் மண் அணைப்பது என்று பேர். அங்குலம் நிஜமாகவே அணைத்தார். மண்வெட்டியை வைத்துவிட்டு, முட்டி போட்டு, இரண்டு கையாலும் மண்ணை வாரி மரத்தைச் சுற்றிக் கட்டினார். மழையில் கரைந்தால் மறுபடி கட்டினார். ஒவ்வொரு வருஷமும்.

ஐந்தாவது வருஷம் வரை நாலாம் நம்பர் கடைசியில்தான் இருந்தது. ஆறாவது வருஷம் ஒரு தாவு தாவியது. எட்டாவது வருஷம் பருமனில் மூன்றாவது, காய்ப்பில் முதல். பத்தாவது வருஷம் எல்லாவற்றிலும் முதல். காற்றில் அசையவும் இல்லை. வெளிநாட்டுப் புத்தகங்களில் இந்த வேர்ச்செடியைப் பற்றி ஒரு மாதிரி எழுதியிருக்கிறது, இங்கே வேறு மாதிரி நடக்கிறது என்று டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை. ‘இது நம் மண்ணின் மகிமை’ என்று அறிக்கையில் எழுதினார். அதையும் நான்தான் டைப் அடித்தேன். இப்போது யோசித்தால், மனிதர் வாழ்நாளில் எழுதிய ஒரே உண்மை அதுதான்.

ஏணி வேண்டாத மரம் என்று சொல்லித்தானே நட்டோம், இப்போது ஏணி வைத்தல்லவா பறிக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையை ஏன் வளர்ந்தாய் என்று யார் கேட்பார்கள்?

ரிசல்ட்டு வெளிவருவதற்கு முன்பே ஊருக்குக் கசிந்துவிட்டது. கசியவிட்டவர் அங்குலமேதான், பெருமை தாங்காமல் மச்சினனிடம் சொல்லிவிட்டார். அண்ணியின் தம்பி. இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரத்தில் மலைச்சரிவில் தோட்டம். அண்ணியின் அம்மாவும் அவனோடுதான் இருந்தார்கள். வயதான பேரிமரங்கள், காய்ப்பு குறைந்துவிட்டது, ஆனாலும் காய்த்துக்கொண்டிருந்தன. “மாமா சொன்னா அளந்துதான் சொல்லுவாரு” என்று அவன் அத்தனை மரத்தையும் வெட்டிச் சாய்த்துவிட்டான். நாலாம் நம்பர் வேரில் ஒட்டிய கன்று நானூறுக்கு நாற்றுப்பண்ணையில் சொல்லியும் வைத்துவிட்டான். விவசாயிகள் கூட்டம் வியாழக்கிழமை. அதற்கு அடுத்த வாரம் கன்று வந்து இறங்குவதாக ஏற்பாடு.

கூட்டத்தில் ஜெயித்த மரத்தின் வேரை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று டைரக்டருக்கு ஆசை வந்தது. திங்கட்கிழமை ஒரு நாலாம் நம்பர் மரத்தைச் சுற்றித் தோண்டச் சொன்னார். கிணறு வெட்ட பூதம் கிளம்பிய கதைதான். மத்தியானம் அங்குலம் கையெல்லாம் சேறாக என் மேஜை முன் வந்து நின்றார். செருப்பைக்கூட வெளியே விடவில்லை. அப்படி வருகிற ஆள் இல்லை.

“டைப்பிஸ்டம்மா, நாலாம் நம்பர்னு ஒண்ணு இல்லவே இல்ல” என்றார்.

“என்னண்ணே உளர்றீங்க?”

“வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். பள்ளத்தில் மரத்தின் அடி தெரிந்தது. தண்ணீர் விட்டுக் கழுவி வைத்திருந்தார். வருஷா வருஷம் மேலே மேலே கட்டியதில் ஒட்டு வீக்கம் மண்ணுக்குள்ளே ஒரு சாண் கீழே போயிருந்தது. அதற்கு மேலே, அதாவது மேல்குச்சியிலிருந்தே, என் கை பருமனுக்கு வேர்கள் கிளம்பி நாலா பக்கமும் போயிருந்தன. ஒட்டுக்குக் கீழே, நாலாம் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில், மக்கிப்போன கிழங்கு போல ஒரு கட்டை. விரலால் குத்தினால் உள்ளே போயிற்று.

“ஒட்டை மண்ணால மூடினா மேல்குச்சியே வேர் விட்டுக்கும்மா. தனக்கே கால் முளைச்ச பிறகு அடுத்தவன் கால் எதுக்கு? இது சொந்த வேர்ல நிக்குது. இன்னும் ரெண்டு மரம் நோண்டிப் பார்த்துட்டேன். அதுவும் இப்படித்தான். நான் பதினோரு வருஷமா அளந்தது நாலாம் நம்பரே இல்ல.”

“அப்ப நிஜமான நாலாம் நம்பரை நட்டா?”

“இந்த மலைக் காத்துக்கு நிக்காது. அவன் நானூறு கன்னு சொல்லி வச்சிருக்கான்.” கழுத்து டேப்பை இழுத்துச் சுருட்டினார். “அளவெல்லாம் சரிம்மா. ஒரு மில்லிமீட்டர் தப்பு கிடையாது.”

பிறகு, தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வது போல, “தாள்ல ‘ஒட்டு வரைக்கும்’னுதானே இருந்துச்சு?” என்றார். கொட்டகையில் மாட்டியிருந்த தாளை எலி தின்று எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. டைரக்டர் எழுதிய லட்சணத்துக்கு இந்த மனிதர் பழி சுமப்பதா? ஆபீஸ் நகல் என்னிடம் இருக்கும், அதை எடுத்து அவர் மேஜையில் அடிக்கிறேன் என்று ரெக்கார்டு அறைக்குப் போனேன். அரைமணி நேரத்தில் ஃபைல் கிடைத்தது. நான் டைப் அடித்த உத்தரவு இருந்தது: ‘நாலாம் நம்பர் மரங்களுக்கு மண், ஒட்டு வரைக்கும் அணைக்கவும்.’ அங்குலம் சொன்னது சரி. அதன் பின்னால் குண்டூசி குத்தி, டைரக்டர் கைப்பட எழுதிக் கொடுத்த தாளும் இருந்தது. அதில் மூன்று வரிகள்:

நாலாம் நம்பர் மரங்களுக்கு மண், ஒட்டு வரைக்கும்
போகக் கூடாது, நாலு விரல் கீழேயே நிறுத்தி
அணைக்கவும்.

நடுவரியை நான் விட்டிருந்தேன். கண் முதல் வரியிலிருந்து மூன்றாவது வரிக்குத் தாவியிருக்கிறது. அவ்வளவுதான். ஒரு எழுத்துப் பிழை இருந்திருந்தால் டைரக்டர் கண்ணில் பட்டிருக்கும். இது இலக்கணச் சுத்தமாக இருந்தது. என் டைப்பிங்கில் பிழையே இருக்காது என்று பேர் வேறு. அந்தப் பேரை நம்பி அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இதுதான் நான் முதலில் சொல்லாமல் விட்ட காரணம். இப்போது என்னை எப்படி வேண்டுமானாலும் பாருங்கள்.

அந்த இரண்டு தாள்களையும் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று அப்போது தெரியாது. காட்டுவதற்கா, மறைப்பதற்கா? இப்போது தெரியும்.

அங்குலம் அதற்குள் டைரக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கதவு சாத்தியிருந்தாலும் டைரக்டர் சத்தம் வராந்தா வரை கேட்டது.

“நாலு விரல் கீழேன்னு நான் எழுதினேன்! எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!”

“தப்பு என்னுதுதான் சார். நான்தான் அதிகமா அணைச்சுட்டேன்.”

டைரக்டர் என்னைக் கூப்பிட்டு அந்தப் பழைய ஃபைலைக் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்து, “தேடிட்டேன் சார், கிடைக்கலை” என்றேன். இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் நான் திக்காமல் பேசிய முதல் வாக்கியம்.

ஃபைல் இல்லை என்றதும் டைரக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். ரிசல்ட்டுப் புத்தகம் அச்சாகிவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பள்ளத்தை மூடிவிடு, வேரைக் காட்ட வேண்டாம், மரத்தைத் தூரத்திலிருந்து காட்டினால் போதும் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இங்கே இருபது மரத்தை மறைக்க வேண்டும். அதற்கு மண்தான் ஏற்கெனவே வேண்டிய அளவு இருந்ததே. “உனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வச்சிருக்கேன், வாங்கிக்கிட்டு நல்லபடியா ரிட்டயர் ஆகு” என்று முடித்தார்.

அங்குலம் பள்ளத்தை மூடினார். புதன்கிழமை காவல் வரிசை ஓரம் உட்கார்ந்திருந்தார். நான் போய், “என்னண்ணே செய்யப் போறீங்க?” என்றேன்.

“சும்மா இருந்தா என் பேரு நிக்கும். அவன் தோட்டம் விழும்” என்றார். “சொன்னா ரெண்டும் விழும்போல இருக்கு. ஏற்கெனவே வெட்டிட்டானே.” என் கைப்பை என் மடியில்தான் இருந்தது. நான் அதன் வாரை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. நான் இரண்டாவது வரிசை. மச்சினன் முதல் வரிசையில், புதுச்சட்டை போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடமெல்லாம் “எங்க மாமாதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். டைரக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். அப்புறம் அங்குலத்தை மேடைக்குக் கூப்பிட்டுப் பத்திரத்தைக் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு இறங்குவார் என்று மைக்கைக் கொடுத்ததுதான் அவர் செய்த தப்பு.

“இந்தப் புத்தகத்துல இருக்கிற அளவெல்லாம் சரி. நான்தான் எடுத்தேன். ஆனா நாலாம் நம்பர்னு போட்டிருக்கே, அது நாலாம் நம்பர் இல்ல. ஒட்டை மண்ணு மூடிடுச்சு. மரம் சொந்த வேர் விட்டு நிக்குது. யாரும் நாலாம் நம்பரை நடாதீங்க. இந்தக் காத்துல விழுந்துடும். மண்ணு அணைச்சவன் நான். தப்பு என்னோடது.”

மச்சினன்தான் முதலில் எழுந்தான்.

“என்னய்யா சொல்றே? காய்ச்சுக்கிட்டிருந்த மரத்தை வெட்டிப் போட்டுட்டு வந்து நிக்கிறேனே! பதினோரு வருஷமா டேப்பை வச்சுக்கிட்டு என்னத்தைக் கிழிச்சே நீ? ஒட்டு எங்க இருக்குன்னுகூடத் தெரியாதா உனக்கு?”

மாமா என்று கூப்பிட்ட வாயில் நீ என்று வந்தது. அங்குலம் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இன்னியோட உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல!” என்று கத்தினான் அவன்.

பேரி விவசாயிகள் கூட்டம் அல்லவா, ‘ஒட்டு’ என்றதும் பின்வரிசையில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அது பரவிக் கூடமே சிரித்தது. மேடையில் நின்ற மனிதரின் முகத்தை நான் பார்த்தேன். அந்த நிமிஷம் எழுந்து நின்று, ‘இதோ தாள்’ என்று கையை உயர்த்தியிருந்தால் போதும். என் முழங்கால் எழவில்லை. எழவில்லை என்ன, நான் எழுப்பவில்லை. நானும் சேர்ந்து சிரிக்கவில்லை என்பதுதான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம்.

மறுநாள் டைரக்டர் அவருக்கு ஒரு மெமோ எழுதிக் கொடுத்தார்: எழுத்து மூலமான உத்தரவுக்கு மாறாக மண் அணைத்து, பதினோரு வருஷ ஆராய்ச்சியைப் பாழாக்கிய குற்றம். டைப் அடித்தது நான். அதில் ஒரு வரிகூட விடுபடவில்லை. புத்தகங்களைக் கட்டி உள்ளே போட்டார்கள். ஒரு மாதம் கழித்து அங்குலம் ஓய்வு பெற்றார். டிராக்டர் டிரைவர் மட்டும் வாசல் வரை கூடப் போனார்.

மச்சினன் கன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அந்த மட்டுக்கு அவன் தோட்டம் தப்பியது. ஆனால் மொட்டை நிலத்தைத் தினமும் பார்ப்பவனுக்குத் தப்பியது தெரியாது, போனதுதான் தெரியும். நான் வேறு தையல்கடை பார்த்துக்கொண்டேன். புதுத் தையல்காரிக்குக் கை அளவு எடுக்கவே தெரியவில்லை. எனக்கு வேண்டியதுதான் என்று போட்டுக்கொண்டேன்.

எட்டு மாதம் அப்படியே போயிற்று. ஒருநாள் டிராக்டர் டிரைவர் வந்து, அண்ணியின் அம்மா ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்ததாகச் சொன்னார். தம்பி வெளியே டீ குடிக்கப் போகிற நேரத்தை நர்ஸிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அண்ணி திருட்டுத்தனமாகப் போய்ப் பெற்ற தாயைப் பார்த்துவிட்டு வந்தார்களாம். ஒருநாள் அவன் சீக்கிரம் திரும்பிவிட்டானாம். வாசலிலேயே நிறுத்தி, “இங்க என்ன வேலை உனக்கு?” என்று கேட்டானாம்.

அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி மெஷினில் இருந்தார்கள். “வாங்க, வழி தெரிஞ்சுதா?” என்றார்கள். அங்குலம் காஜா போட்ட சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு தாளையும் அவர் மடியில் வைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வரி வரியாக இரண்டு தடவை படித்தார்.

“நடுவரி விட்டுப்போச்சு” என்றார்.

“நான்தாண்ணே விட்டேன். எல்லாம் என்னாலதான்.” எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழாதீங்க. முழுசா உங்களால இல்ல” என்றார். “அந்தத் தாளைப் படிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும் அது தப்புன்னு. ஒட்டை மூடக் கூடாதுன்னு மரம் நடுற எல்லாருக்கும் தெரியும். ஒரு வார்த்தை போய்க் கேட்டிருக்கலாம். ஆனா டைப் அடிச்சு, கையெழுத்துப் போட்டு வந்திருக்கு. படிச்சவங்க ஏதோ யோசிச்சுத்தான் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். தெரிஞ்சே இத்தனை வருஷம் அணைச்சேன். அதனாலதான் தப்பு என்னுதுன்னு சொன்னேன். யாருக்காகவும் இல்ல.”

எனக்கு நெஞ்சு லேசானது போல இருந்தது. மன்னிப்பு இவ்வளவு சுலபமா என்றுகூடத் தோன்றியது. அவர் தாளை மடித்துக்கொண்டே கேட்டார்.

“இது எப்பக் கிடைச்சுது உங்களுக்கு?”

“திங்கட்கிழமை. நீங்க தோண்டின அன்னிக்கு.”

“அப்ப கூட்டத்துல?”

“கைப்பையில இருந்துச்சு.”

அண்ணியின் மெஷின் நின்றது. அங்குலம் என்னைப் பார்க்கவில்லை. பொத்தானில் நூலைக் கோத்தார், அது ஓட்டைக்குள் போகவில்லை. மறுபடி கோத்தார்.

“என் தம்பி அத்தனை பேர் முன்னாடி இவரைக் கேட்டானே, அப்ப நீங்க ரெண்டாவது வரிசையில இருந்தீங்க” என்றார்கள் அண்ணி. சத்தம் போடவில்லை. எப்போதும் இருக்கிற கேலியும் இல்லை. “வரி விட்டது கண்ணு. அது யாருக்கும் வரும். வாயைத் திறக்காதது யாரு?”

அண்ணி எழுந்து, மடியில் இருந்த வெட்டுத்துணியை உதறினார்கள். “அந்தத் தாளை எடுத்துக்குங்க. கிளம்புங்க. பஸ் வந்துடும்.”

“எங்க அண்ணி?”

“என் தம்பி வீட்டுக்கு.”

நான் அங்குலத்தைப் பார்த்தேன். “அண்ணே, நீங்களும் கூட வந்தீங்கன்னா...”

“நான் எதுக்கும்மா? என்னுதை நான் சொல்லியாச்சு” என்றார் அவர். “நீங்க போய்ட்டு வாங்க.”

இரண்டு பேருந்து மாறினோம். அண்ணி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். சரிவில் அவன் நிலம் மொட்டையாகக் கிடந்தது. வெட்டிய அடிக்கட்டைகளைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அண்ணி தெருமுனையிலேயே நின்றுவிட்டார்கள். “நான் வந்தா கதவைச் சாத்திடுவான். நீங்க போய்க் கூப்பிடுங்க” என்றார்கள். நான் தனியாகப் போய்க் கதவைத் தட்டினேன். கையில் மண்ணோடு அவன்தான் வந்து திறந்தான். என்னைக் கூட்டத்தில் பார்த்த ஞாபகம் அவனுக்கு இல்லை.

“யாருங்க நீங்க?” என்றான்.

“உங்க மாமாவுக்கு வந்த உத்தரவை டைப் அடிச்சவ” என்றேன்.